படமாகக் கிடக்கும் மூலக்கூறுகள்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, பிரேசில் நாட்டிலிருந்து ஓர் ஆய்வு மாணவர் எனக்கு மின்னஞ்சல் எழுதியிருந்தார். என் முனைவர் பட்ட ஆய்விலிருந்து வெளிவந்த கட்டுரை ஒன்றில் 27 என்ற எண்ணுடன் இடம்பெற்றிருக்கும் சேர்மத்தைத் தம் கணினியில் மறுபடி வரைந்து, அது ஒரு நொதியின் பிளவுக்குள் எவ்வாறு பொருந்துகிறது என்று அவர் கணித்துக்கொண்டிருந்தார். தாம் வரைந்த அமைப்புக்கும், கட்டுரையின் துணைத் தகவல் கோப்பில் இருந்த முறைப்படியான பெயருக்கும் ஒரு கார்பன் அணுவில் முரண்பாடு இருப்பதாகவும், இரண்டில் எது சரியென்று சொல்ல இயலுமா என்றும் மிகுந்த பணிவோடு கேட்டிருந்தார்.

பழைய ஆய்வுக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். நான் கொடுத்த பெயர் சரி. நான் வரைந்த படமும் சரி. ஆனால் பக்கத்துக்குள் அடங்குவதற்காகப் படம் சுருக்கப்பட்டபோது, தாளுக்குப் பின்னால் செல்லும் பிணைப்பைக் குறிக்கும் கோடுகளாலான ஆப்பு, இடைவெளிகள் அடைபட்டு, தாளுக்கு முன்னால் வரும் பிணைப்பைக் குறிக்கும் கறுத்த ஆப்பைப் போலவே தோன்றியது. அந்த ஒரு கார்பனில் இடம் வலமாகிவிட்டது. இரண்டு மாதங்களாக அவர் கணித்துக்கொண்டிருந்தது நான் ஒருபோதும் தயாரிக்காத வேறொரு மூலக்கூற்றை.

அன்றே அவருக்கு மூலக்கூற்றுக் கோப்பை அனுப்பிவைத்தேன். அனுப்பி முடித்த பிறகுதான் மனம் அமைதியிழந்தது. அந்தக் கோப்பு பதினொரு ஆண்டுகளாக என் கணினியில் இருந்திருக்கிறது. அவர் கேட்டதால் அவருக்குக் கிடைத்தது. கேட்காமல் படத்தைப் பார்த்துத் தவறாக வரைந்துகொண்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தெரிய வழியில்லை. என் ஆய்வேட்டில் மொத்தம் 41 புதிய சேர்மங்கள் உள்ளன. அவற்றில் ஒன்றைக்கூட நான் எந்தத் திறந்த தரவுத்தளத்திலும் சேர்த்திருக்கவில்லை. அந்த வாரம் தொடங்கிய வேலையைப் பற்றியும், அதன் வழியே நான் கற்றுக்கொண்டவற்றைப் பற்றியும், வேதியியல் ஆய்வில் இருக்கும் இளையவர்களை மனத்தில் வைத்து இங்கே எழுதுகிறேன்.

கரிம வேதியியல் படித்த ஒருவர் அறுகோணம் ஒன்றைப் பார்த்தவுடன் ஆறு கார்பன்களையும் அவற்றோடு ஒட்டிய ஹைட்ரஜன்களையும் சேர்த்தே பார்த்துவிடுகிறார்; வரையப்படாததையும் வாசிக்கும் பழக்கம் நமக்கு இரண்டாம் ஆண்டிலேயே வந்துவிடுகிறது. கணினிக்கு அது வெறும் கோடுகள். மூலக்கூற்றைக் கணினி அறிவது ஓர் அட்டவணையின் வழியாக: முதல் அணு கார்பன், இரண்டாம் அணு ஆக்சிஜன், முதல் அணுவுக்கும் இரண்டாம் அணுவுக்கும் இடையே இரட்டைப் பிணைப்பு என்று வரிசையாகச் செல்லும் பட்டியல் அது. நாம் கெம்டிரா போன்ற மென்பொருளில் வரையும்போது இந்த அட்டவணை பின்னணியில் தானே உருவாகிவிடுகிறது. அதையே படமாக மாற்றிக் கட்டுரைக்குள் ஒட்டும்போது அட்டவணை அழிந்து, கோடுகள் மட்டும் எஞ்சுகின்றன. பிறகு உலகில் எங்கோ ஒருவர் அந்தக் கோடுகளைக் கண்ணால் பார்த்து, அதே மென்பொருளில், அதே அட்டவணையை மறுபடி உருவாக்க வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே இருந்த ஒன்றை அழித்துவிட்டு, இன்னொருவர் உழைப்பால் அதை மீட்டெடுக்கச் செய்யும் இந்த வழக்கம் இவ்வளவு காலம் கேள்வியின்றி நீடித்திருப்பது எனக்கு இப்போது வருத்தமளிக்கிறது.

அட்டவணையைச் சுருக்கி எழுதும் முறைகளும் வெகுகாலமாக இருக்கின்றன. 1980களில் டேவிட் வைனிங்கர் உருவாக்கிய ஸ்மைல்ஸ் என்ற முறையில் எத்தனாலை ‘சி, சி, ஓ’ என்ற மூன்றே எழுத்துகளில் எழுதிவிடலாம். ஆனால் ஸ்மைல்ஸில் ஒரே மூலக்கூற்றைப் பலவாறு எழுத முடியும். எத்தனாலையே ஆக்சிஜனிலிருந்து தொடங்கி ‘ஓ, சி, சி’ என்று எழுதினாலும் தவறில்லை. இந்தக் குறையைத் தீர்க்கவே, தூய மற்றும் பயன்பாட்டு வேதியியலுக்கான பன்னாட்டு ஒன்றியமான ஐயுபேக்கும் அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்டும் சேர்ந்து இன்ச்சி என்ற அடையாளக் குறியீட்டை உருவாக்கி 2005இல் வெளியிட்டன. எவர் வரைந்தாலும், எந்தத் திசையிலிருந்து வரைந்தாலும், ஒரு மூலக்கூற்றுக்கு ஒரே குறியீடுதான் வர வேண்டும் என்பது அதன் நோக்கம். பின்னர் அதைச் சுருக்கி, 27 எழுத்துகள் கொண்ட இன்ச்சிக்கீ வந்தது. அதன் முதல் 14 எழுத்துகள் எந்த அணு எதோடு இணைந்திருக்கிறது என்பதை மட்டும் பிரதிபலிக்கும்; முப்பரிமாண அமைப்பு அடுத்த பகுதியில் இடம்பெறும். ஆகவே முதல் 14 எழுத்துகளை மட்டும் கொண்டு தேடினால், ஒரு சேர்மத்தின் புறவெளி மாற்றியங்கள், அதாவது முப்பரிமாண அமைப்பில் மட்டும் வேறுபடும் வடிவங்கள், அனைத்தையும் ஒருசேரக் கண்டுபிடித்துவிடலாம். 27ஆம் சேர்மத்தின் கோப்பும் குறியீடும் பொதுவெளியில் இருந்திருந்தால் அந்தப் பிரேசில் மாணவர் தம் குழப்பத்தை ஒரு நிமிடத்தில் தீர்த்துக்கொண்டிருப்பார்.

இந்தக் கட்டமைப்புகள் முன்பு எங்கே இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்க வேதியியல் கழகத்தின் ஒரு பிரிவான கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ் சேவை, 1965 முதல் தன் பதிவேட்டில் சேர்மங்களுக்கு எண் கொடுத்து வருகிறது. ஆஸ்பிரினுக்கு உரிய 50-78-2 என்ற எண்ணைப் போன்றவை புட்டியின் மேலுள்ள சீட்டில் இருப்பதை எந்த ஆய்வகத்திலும் பார்க்கலாம். பயிற்சி பெற்ற வேதியியலாளர்கள் ஒவ்வொரு கட்டுரையையும் படித்துச் சேர்த்த மகத்தான தொகுப்பு அது. அதன் தரத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் கட்டணம் செலுத்தும் நிறுவனங்களுக்கே அதன் கதவு முழுதாகத் திறக்கும். நான் பட்டப்படிப்பு படித்த கல்லூரியில் அதைப் பார்த்தவர் எவரும் இல்லை.

2004இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் கீழ் பப்கெம் என்ற திறந்த தரவுத்தளம் தொடங்கப்பட்டபோது நிலைமை மாறத் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் தேடலாம், எடுத்துக்கொள்ளலாம், தம் சேர்மங்களைச் சேர்க்கலாம் என்ற ஏற்பாட்டை அமெரிக்க வேதியியல் கழகம் அடுத்த ஆண்டே எதிர்த்தது. அரசுப் பணத்தில் நடக்கும் பப்கெம் தன் பதிவேட்டுக்குப் போட்டியாகிறது என்றும், அதன் எல்லையைச் சுருக்க வேண்டும் என்றும் வாதிட்டது. பப்கெம் அந்தச் சர்ச்சையைக் கடந்து வளர்ந்து, இன்று 11 கோடிக்கும் மேற்பட்ட சேர்மங்களைக் கொண்டிருக்கிறது. 2005இல் தொடங்கிய நேச்சர் கெமிக்கல் பயாலஜி என்ற ஆய்விதழ் தன் கட்டுரைகளில் வரும் சேர்மங்களைப் பப்கெமில் சேர்க்கும் வழக்கத்தைத் தொடக்கத்திலேயே ஏற்படுத்திக்கொண்டது.

2007இல் ஆண்டனி வில்லியம்ஸ் என்ற வேதியியலாளர் நண்பர்கள் சிலருடன் சேர்ந்து, ஊதியமில்லாத ஓய்வுநேர வேலையாக, வீட்டின் நிலவறையில் வைத்த கணினிகளிலிருந்து கெம்ஸ்பைடர் என்ற திறந்த தரவுத்தளத்தை இயக்கத் தொடங்கினார். சேர்மங்களைச் சேர்ப்பதோடு, ஏற்கெனவே இருக்கும் பதிவுகளின் பிழைகளை வாசகர்களே சுட்டிக்காட்டித் திருத்தவும் அதில் வழி இருந்தது. 2009இல் பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஒரு வேதியியல் கழகம் எதிர்த்து நின்ற செயலை நான்கு ஆண்டுகளுக்குள் இன்னொரு வேதியியல் கழகம் தானே ஏற்று நடத்த முன்வந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நம்பிக்கை பிறக்கிறது.

என் 41 சேர்மங்களைப் பப்கெமில் சேர்ப்பது என்று முடிவு செய்தேன். நடைமுறை கடினமானதன்று. ஒரு கணக்கைத் தொடங்கி, கட்டமைப்புகள் அடங்கிய கோப்பை ஏற்ற வேண்டும். ஒவ்வொரு சேர்மத்துக்கும் நாமே ஓர் அடையாள எண் தர வேண்டும். நான் குறிப்பேட்டுப் பக்க எண்களையே கொடுத்தேன். கட்டுரை இன்னும் வெளிவராத நிலையில், குறிப்பிட்ட நாள் வரை பதிவை மறைத்து வைக்கவும் வசதி உண்டு. அங்கே இரண்டு வகைப் பதிவுகள் இருப்பதை முதலில் புரிந்துகொள்வது நல்லது. நாம் கொடுத்தது நாம் கொடுத்தபடியே ‘சப்ஸ்டன்ஸ்’ என்ற பிரிவில் ஓர் எண்ணுடன் நிற்கும். அதைப் பப்கெம் தன் விதிகளின்படி ஒழுங்குபடுத்தி, ஒரே மூலக்கூற்றைக் கொடுத்தவர்கள் அனைவரின் பதிவுகளையும் ‘காம்பவுண்ட்’ என்ற ஒற்றைப் பக்கத்தின் கீழ் இணைக்கும். ஆஸ்பிரினின் காம்பவுண்ட் எண் 2244. அதன் கீழே நூற்றுக்கணக்கானோர் தனித்தனியாகக் கொடுத்த பதிவுகள் இருக்கின்றன. யார் என்ன கொடுத்தார் என்பதும் அழியாமல், எல்லாம் ஒன்றாகவும் தெரியும்படி அமைந்த இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

நேரம் பிடித்தது வேறு இடத்தில். கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்த்தபோதுதான், மனிதக் கண்ணுக்காக வரைவதற்கும் கணினிக்காக வரைவதற்கும் உள்ள வேறுபாடு எனக்கு முழுதாகப் புரிந்தது. ஃபீனைல் தொகுதியைச் சுருக்கி எழுத்தாக மட்டும் தட்டியிருந்த இடங்களில், அது என்ன அணு என்று மென்பொருளுக்குத் தெரியவில்லை. சர்க்கரை வளையங்களை நாற்காலி வடிவில் அழகாக வரைந்திருந்தேன். ஆப்புகள் இல்லாத அந்தச் சாய்ந்த வளையத்தில் எந்தத் தொகுதி மேலே, எது கீழே என்பதை நாம் வாசித்துக்கொள்கிறோம், கணினி வாசிப்பதில்லை, ஆகவே முப்பரிமாணச் செய்தி முழுவதும் காணாமற்போயிருந்தது. ஹைட்ரோகுளோரைடு உப்பாகப் பிரித்தெடுத்த இரண்டு சேர்மங்களை உப்பு இல்லாத காரமாக வரைந்து வைத்திருந்தேன். ஓர் உலோக அணைவில் உலோகத்துக்கும் நைட்ரஜனுக்கும் இடையிலான பிணைப்பை எப்படிக் காட்டுவது என்று ஒரு மாலைப் பொழுது முழுவதும் யோசித்தேன். இன்ச்சியின் பொதுவான வடிவமான திட்ட இன்ச்சி உலோகப் பிணைப்புகளைத் துண்டித்தே குறியீட்டை உருவாக்குகிறது என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

மஞ்சளில் உள்ள குர்க்குமின் இந்தச் சிக்கலை விளக்கச் சிறந்த எடுத்துக்காட்டு. 1815இல் பிரித்தெடுக்கப்பட்டு, 1910இல் அமைப்பு அறியப்பட்ட மூலக்கூறு அது. அதன் நடுவே இரண்டு கார்பனைல் தொகுதிகள் ஒரு கார்பனை இடையில் வைத்து நிற்கின்றன. ஆனால் ஹைட்ரஜன் ஒன்று இடம்பெயர்ந்து, ஒரு பக்கம் கீட்டோனாகவும் மறுபக்கம் ஈனாலாகவும் மாறி நிற்பதே கரைசலில் பெரும்பாலும் காணப்படும் வடிவம். வேதியியலாளருக்கு இவை ஒரே பொருளின் இயங்குசமநிலை மாற்றியங்கள். புட்டியில் இருப்பது ஒரே மஞ்சள் தூள்தான். திட்ட இன்ச்சியோ கீட்டோ–ஈனால் மாற்றத்தை இயல்பாகக் கணக்கில் எடுப்பதில்லை என்பதால், இரண்டு வடிவங்களுக்கும் இரண்டு குறியீடுகள் கிடைக்கின்றன. ஒருவர் ஒரு வடிவத்தைக் கொடுக்க, இன்னொருவர் மற்றதைக் கொடுக்க, ஒரே பொருளைப் பற்றிய அறிவு இரண்டு பக்கங்களில் பிரிந்து கிடக்கும். என் சேர்மங்களில் நான்கு இந்த வகையைச் சேர்ந்தவை. நிறமாலை எந்த வடிவத்தைக் காட்டியதோ அதையே கொடுத்து, குறிப்புரையில் மற்ற வடிவத்தையும் சொல்லிவைத்தேன்.

வேம்பின் அசாடிராக்டின் இதைவிடக் கடினமான பாடத்தைச் சொல்கிறது. 1968இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் பிரித்தெடுக்கப்பட்ட அந்த மூலக்கூற்றுக்கு 1975இல் முன்வைக்கப்பட்ட அமைப்பு, 1980களின் நடுவில்தான் பல ஆய்வுக்குழுக்களின் உழைப்பால் திருத்தப்பட்டது. அதை ஆய்வகத்தில் முழுமையாகத் தயாரிக்க, கேம்பிரிட்ஜின் ஸ்டீவன் லே குழுவுக்கு 22 ஆண்டுகள் ஆயின. 2007இல் அது நிறைவேறியது. அந்த மூலக்கூற்றில் 16 சீர்மையற்ற கார்பன்கள், அதாவது இடம், வலம் என இரு அமைப்புகள் கொள்ளக்கூடிய கார்பன்கள், உள்ளன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய்ப்புகள் என்று கணக்கிட்டால் 65,536 வெவ்வேறு அமைப்புகளைத் தாளில் எழுதலாம். வேம்பு செய்வது அவற்றில் ஒன்றை மட்டுமே. ஒரே ஓர் ஆப்பைத் திருப்பி வரைந்துவிட்டு அசாடிராக்டின் என்று பெயரிட்டுப் பதிவேற்றுபவர், அத்தனை பேரின் பல்லாண்டு உழைப்பில் கிடைத்த செய்தியை ஒரு நொடியில் கலங்கச் செய்துவிடுகிறார்.

இது வெறும் அச்சமன்று. இரத்தப் புற்றுநோய்க்கான போசுட்டினிப் என்ற மருந்து 2012இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் லெவின்சனும் பாக்சரும், வேதிப்பொருள் விற்பனையாளர்கள் போசுட்டினிப் என்ற பெயரில் விற்றுவந்தது உண்மையில் அதன் மாற்றியம் என்பதை வெளிப்படுத்தினர். பென்சீன் வளையம் ஒன்றில் இரண்டு குளோரின்களும் ஒரு மெத்தாக்சி தொகுதியும் இடம் மாறி அமர்ந்திருந்தன. மூலக்கூறு வாய்பாடு அதேதான், நிறை அதேதான். நிறை நிறமாலை மட்டும் எடுத்துப் பார்த்தவருக்கு வேறுபாடு தெரிந்திருக்காது. அந்தப் பொருளை வாங்கிச் சோதனைகள் செய்திருந்த ஆய்வகங்கள் தம் முடிவுகளை மறுபடி பார்க்க வேண்டியதாயிற்று. டிக்-10 என்ற புற்றுநோய் எதிர்ப்புச் சேர்மத்தின் வரலாறும் ஏறத்தாழ இதுவே. பழைய காப்புரிமை ஒன்றில் தரப்பட்ட மூன்று வளைய நேர்கோட்டு அமைப்பே பிந்தைய பதிவுகளிலும் கட்டுரைகளிலும் இடம்பெற்றது. 2014இல் ஸ்க்ரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தின் ஜாண்டா குழுவினர் அந்த அமைப்பைத் தயாரித்துப் பார்த்தபோது அதற்குச் செயல்திறனே இல்லை. செயல்படுவது வளைந்த அமைப்புடைய மாற்றியம் என்பதை அவர்கள் நிறுவினர்.

திறந்த தரவுத்தளம் என்றால் குப்பையும் சேரும் என்று வாதிடுபவர்கள் இத்தகைய நிகழ்வுகளையே காட்டுகிறார்கள். அவர்கள் அக்கறையை நான் மதிக்கிறேன். வில்லியம்ஸே 2011இல், பொதுத் தரவுத்தளங்களில் பரவிவரும் தவறான கட்டமைப்புகளைப் பற்றி சீன் எக்கின்ஸுடன் சேர்ந்து கடுமையான எச்சரிக்கைக் கட்டுரை எழுதியவர்தான். ஆயினும் டிக்-10இன் பிழை காப்புரிமைத் தாள் ஒன்றிலிருந்து தொடங்கியது. பல்லாண்டுகள் எவரும் அதைச் சோதிக்கவில்லை. பதிவு வெளிச்சத்தில் இருந்தால், நிறமாலையும் கூடவே இருந்தால், பிழை அத்தனை காலம் மறைந்திருக்க முடியாது. பிழையான கட்டமைப்புகளுக்கு மருந்து, அவற்றைத் தயாரித்தவரே, தம் கைப்பட, சரிபார்த்துச் சேர்ப்பது. மூலக்கூற்றைப் பிரித்தெடுத்து, நிரல் வண்ணப்பிரிகையில் தூய்மையாக்கி, என்.எம்.ஆர். என்னும் அணுக்கருக் காந்த ஒத்திசைவு நிறமாலை எடுத்து, ஒவ்வொரு சிகரத்தையும் எந்த ஹைட்ரஜனுக்கு உரியது என்று குறித்தவரைவிட அதன் அமைப்பை நன்கு அறிந்தவர் வேறு யார்? மூன்றாம் நபர் ஒருவரோ ஒரு மென்பொருளோ நம் படத்தைப் பார்த்து ஊகிக்கும்படி விட்டுவிடுவதுதான் பிழைக்கு வழி.

இந்த விஷயத்தில் படிகவியலாளர்களை நாம் பின்பற்றியிருக்க வேண்டும். ஓல்கா கென்னார்ட் கேம்பிரிட்ஜில் 1965இல் தொடங்கிய படிக அமைப்புத் தொகுப்பு 2019இல் பத்து லட்சமாவது அமைப்பைத் தொட்டது. 1971இல் ஏழே அமைப்புகளோடு தொடங்கிய புரதத் தரவு வங்கியில் இன்று இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவை உள்ளன. ஆல்ஃபாஃபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருள் புரதங்களின் வடிவத்தைக் கணிக்கக் கற்றுக்கொண்டது, ஐம்பதாண்டுகளாக ஆய்வாளர்கள் அங்கே ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தவற்றிலிருந்துதான். 2024ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசின் ஒரு பாதி அந்தக் கணிப்புக்குக் கிடைத்தது. 2003இல் சில தன்னார்வலர்கள் தொடங்கி, இப்போது லித்துவேனியாவின் வில்னியஸிலிருந்து பேணப்படும் படிகவியல் திறந்த தரவுத்தளம், ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகளை எந்தக் கட்டுப்பாடுமின்றி அளிக்கிறது. படிகவியலாளர்கள் நம்மைவிடப் பெருந்தன்மை மிக்கவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. சி.ஐ.எஃப். என்ற ஒரே கோப்பு வடிவத்தை அவர்களின் பன்னாட்டு ஒன்றியம் 1990களின் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டது. கோப்பைச் சேர்த்ததற்கான எண் இல்லாமல் கட்டுரையை ஏற்க மாட்டோம் என்று ஆய்விதழ்களும் நின்றன. கரிம வேதியியல் இதழ்களும் அதே உறுதியோடு நின்றிருந்தால், என் 41 சேர்மங்களும் கட்டுரை வந்த நாளிலேயே வெளியே வந்திருக்கும்.

சேர்க்கத் தயங்குபவர்கள் என்னிடம் சொல்லும் காரணங்களில் முதன்மையானது, நம் சேர்மத்தை வேறொருவர் எடுத்து மேலே கொண்டுபோய்விடுவார் என்பது. காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் அது முடியும் வரை காத்திருப்பதில் நியாயம் உண்டு. முன்கூட்டியே வெளியிட்டால் உரிமை பறிபோகலாம். ஆனால் கட்டுரையாக ஏற்கெனவே அச்சேறிய சேர்மத்தை மறைத்து வைப்பதால் காப்பாற்றப்படுவது எதுவும் இல்லை. வேறொருவர் எடுத்து மேலே கொண்டுபோவதே நடக்க வேண்டியது என்பதற்கும் சான்று இருக்கிறது. 2010இல் ஜி.எஸ்.கே. என்ற மருந்து நிறுவனம், ஸ்பெயினின் ட்ரெஸ் கான்டோஸ் ஆய்வகத்தில் ஏறத்தாழ இருபது லட்சம் சேர்மங்களைச் சோதித்து, மலேரியாக் கிருமியைத் தடுப்பதாகக் கண்ட 13,533 சேர்மங்களின் கட்டமைப்புகளைத் திறந்த தரவுத்தளங்களில் வெளியிட்டது. அவற்றிலிருந்து சிலவற்றை எடுத்துத்தான் ஆஸ்திரேலியாவில் சிட்னிப் பல்கலைக்கழகத்தின் மேத்யூ டாட், தயாரிப்பு முறை முதல் தோல்வியடைந்த வினைகள் வரை அனைத்தையும் பொதுவில் வைக்கும் ஓப்பன் சோர்ஸ் மலேரியா முயற்சியைத் தொடங்கினார். மருந்து நிறுவனம் ஒன்றே தன் பெட்டகத்தைத் திறந்து வைத்தபோது, பல்கலைக்கழக ஆய்வகத்தில் குளிர்பெட்டியில் உறங்கும் நம் 41 சேர்மங்களை யாருக்காக மறைத்து வைக்கிறோம்?

ஃபிலடெல்ஃபியாவின் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜான்-குளோட் பிராட்லியை இங்கே நினைக்காமல் மேலே செல்ல எனக்கு மனமில்லை. ஆய்வகக் குறிப்பேட்டையே அன்றாடம் இணையத்தில் திறந்து வைக்கும் முறைக்கு 2006இல் திறந்த குறிப்பேட்டு அறிவியல் என்று பெயரிட்டவர் அவர். மலேரியாவுக்கு எதிரான சேர்மங்களைத் தயாரித்த அவருடைய மாணவர்கள், வெற்றியானாலும் தோல்வியானாலும் அன்றைய வினையை அன்றே எழுதிவைத்தனர். பின்னர் அவர் உருகுநிலைகளைத் திரட்டத் தொடங்கினார். ஒரே சேர்மத்துக்கு வெவ்வேறு மூலங்கள் வெவ்வேறு உருகுநிலைகளைச் சொல்வதைக் கண்டு, முரண்பட்டவற்றைத் தேடிப்பிடித்து விலக்கி, எஞ்சியவற்றை எவரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டார். 2014இல் அவர் காலமானார். நான் அவரைச் சந்தித்ததில்லை. அவர் திரட்டி வைத்த எண்களைப் பயன்படுத்தியிருக்கிறேன்.

நம் ஊருக்கு அருகிலும் இந்தப் பணி நடக்கிறது. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் அரிஜித் சமலின் குழுவினர் உருவாக்கிய இம்பாட் என்ற தரவுத்தளம், இந்திய மூலிகைகளையும் அவற்றில் உள்ள வேதிப்பொருள்களையும் கட்டமைப்போடு தருகிறது. 2018இல் 1,742 மூலிகைகளும் 9,596 வேதிப்பொருள்களுமாக வெளிவந்து, பின்னர் 4,010 மூலிகைகளும் 17,967 வேதிப்பொருள்களுமாக வளர்ந்தது. அச்சு நூல்களிலும் கட்டுரைகளிலும் சிதறிக் கிடந்தவற்றை மனிதர்கள் உட்கார்ந்து படித்து, பெயரைக் கட்டமைப்பாக மாற்றிச் சேர்த்த உழைப்பு அது. ஆடாதோடையையும் நிலவேம்பையும் கீழாநெல்லியையும் பற்றித் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எத்தனையோ ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. அவற்றில் பிரித்தெடுக்கப்படும் மூலக்கூறுகள் தொடக்கத்திலேயே கோப்பாக வெளிவந்தால், யாரோ ஒருவர் பிற்காலத்தில் நூலகத்தில் அமர்ந்து அவற்றைப் படத்திலிருந்து மீட்டெடுக்கும் வேலை மிச்சமாகும். தாவரத்தின் அறிவியல் பெயரையும், எந்த உறுப்பிலிருந்து எடுத்தது என்பதையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. எந்த மூலக்கூறு எந்த உயிரியில் கிடைக்கிறது என்ற ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட இணைகளை விக்கித்தரவு என்ற திறந்த தரவுத்தொகுப்பில் சேர்த்திருக்கும் லோட்டஸ் முயற்சியில், அத்தகைய செய்தியை நாமே நேரடியாகப் பதியவும் முடியும்.

என் மாணவர்களுக்கு இப்போது ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியிருக்கிறேன். சேர்மத்தின் தூய்மை உறுதியாகி, நிறமாலைகள் கைக்கு வந்ததும், குறிப்பேட்டின் அதே பக்கத்தில் ஸ்மைல்ஸையும் இன்ச்சிக்கீயையும் எழுதிவிட வேண்டும். பிறகு அந்த எழுத்துகளிலிருந்து மென்பொருள் வரைந்து தரும் படத்தைத் தாங்கள் வரைந்த படத்தோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு சீர்மையற்ற கார்பனையும் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். ஒரு சேர்மத்துக்கு அரைமணி நேரம் ஆகிறது. அந்த அரைமணி நேரத்தில் அவர்கள் தம் மூலக்கூற்றை மறுபடி ஒருமுறை முழுதாகப் பார்க்கிறார்கள். சென்ற ஆண்டு ஒரு மாணவி, இவ்வாறு சரிபார்க்கும்போதே, தம் இரண்டு சேர்மங்களின் எண்கள் ஆய்வேட்டின் வரைவில் இடம் மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார்.

என் 41இல் 40 சேர்மங்கள் இப்போது பப்கெமில் உள்ளன. எஞ்சிய ஒன்று 33ஆம் சேர்மம். ஆய்வேட்டில் அதன் நான்காம் கார்பனில் ஒரு கறுத்த ஆப்பு வரைந்திருக்கிறேன். பதிவேற்றுவதற்காகப் பழைய என்.எம்.ஆர். தாள்களை எடுத்துப் பார்த்தபோது, அந்த ஆப்பை நியாயப்படுத்தும் சான்று எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. தொடர்புடைய மற்ற சேர்மங்களை ஒப்புநோக்கி அப்போது வரைந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கையில் இன்னும் பதினெட்டு மில்லிகிராம் மீதமிருக்கிறது. எத்தில் அசிடேட்டும் ஹெக்சேனும் கலந்து, சிறு குப்பியில், மூடியில் ஊசித் துளையிட்டு, படிகமாகட்டும் என்று வைத்திருக்கிறேன். படிகம் வந்தால் எக்ஸ்-கதிர் சொல்லும். வராவிட்டால், அந்தக் கார்பனில் ஆப்பே இல்லாமல், சாதாரணக் கோடாக வரைந்து, அமைப்பு நிறுவப்படவில்லை என்ற குறிப்போடு வரும் மாதம் பதிவேற்றிவிடுவேன்.